தொலைவிலிருந்து நம் கைபேசியை வெடிக்கச் செய்ய முடியுமா?

கேள்வி: லெபனானில் பேஜர்கள் என்னும் சிறு செய்திக் கருவிகள் வெடித்த செய்தியைப் பார்த்த நாளிலிருந்து என் மாமனார் கைபேசியைச் சட்டைப்பையில் வைப்பதில்லை. இரவில் அதை அணைத்து வேறு அறையில் வைத்துவிடுகிறார். குறிப்பிட்ட சில எண்களிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் கைபேசி வெடித்துவிடும் என்று ஒரு தகவலும் சுற்றி வருகிறது. அதைத் தடுக்கும் என்று சொல்லி ஒருவர் விற்ற உலோகத் தகடு ஒன்றை வாங்கிக் கைபேசியின் முதுகில் ஒட்டியும் விட்டார். உண்மையிலேயே எங்கோ இருக்கும் ஒருவரால் நம் கைபேசியை வெடிக்கச் செய்ய முடியுமா? இன்னொன்று: இழுப்பறையில் என் பழைய கைபேசி கிடக்கிறது. அதன் முதுகு சற்று உப்பியிருக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டால் மகனுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மாற்றலாமா?

பதில்: முடியாது. கடையில் வாங்கிய, உள்ளே யாரும் கைவைக்காத ஒரு கைபேசியை அழைப்பாலோ குறுஞ்செய்தியாலோ வெடிக்கச் செய்ய இயலாது. உங்கள் மாமனார் கைபேசியைத் தாராளமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் அந்த இழுப்பறைதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

லெபனானில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் விலகும். 2024 செப்டம்பர் 17 அன்று ஆயிரக்கணக்கான பேஜர்கள் ஒரே நேரத்தில் வெடித்தன. மறுநாள் வாக்கி-டாக்கிகள் வெடித்தன. இரண்டு நாள்களிலும் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் காயமடைந்தனர். அந்தக் கருவிகளின் பேட்டரித் தொகுதிக்குள், வெளியில் தெரியாதபடி, பிஇடிஎன் என்னும் வெடிமருந்து சில கிராம் அளவுக்கு வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து வந்தது பற்றவைக்கும் கட்டளை மட்டுமே. வெடித்த பொருள் மாதக்கணக்கில் முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தது. அந்தப் பேஜர்கள் தைவான் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்தன. அந்த நிறுவனமோ, அவற்றைத் தான் தயாரிக்கவில்லை, பெயரைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டது. பெட்டியின் மேல் ஒரு பெயர், செய்தவர் வேறு, விற்றவர் வேறு என்ற இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வேறொரு வடிவில் அது வரப்போகிறது. இந்த வழி புதிதும் அல்ல. 1996 ஜனவரியில் காசாவில் ஹமாஸ் அமைப்பின் வெடிகுண்டு நிபுணர் யஹ்யா அய்யாஷ் கொல்லப்பட்டது அவருக்கென்றே வெடிமருந்து நிரப்பித் தரப்பட்ட ஒரு கைபேசியால். யாரோ குறிவைத்து, கருவி கைக்கு வருமுன் இடைமறித்து, திறந்து, நிரப்பி, மூடி அனுப்ப வேண்டிய வேலை இது.

“வெடிமருந்து இல்லாவிட்டால் என்ன, பேட்டரியே வெடிகுண்டு மாதிரிதானே?” என்று அடுத்த கேள்வி வரும். கேள்வி நியாயமானது. 4,500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு கைபேசி பேட்டரியில் ஏறத்தாழ 17 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. கணக்குப் போட்டால் அது சுமார் 15 கிராம் டிஎன்டி வெடிமருந்து வெளிவிடும் ஆற்றலுக்குச் சமம். எண் பயமுறுத்துகிறது, ஆனால் வெடிமருந்தின் கொடுமை அதன் வேகத்தில் இருக்கிறது. பிஇடிஎன்னில் வெடிப்பலை நொடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. பேட்டரியோ தன் ஆற்றலை வெளிவிடப் பல நொடிகளும் சில சமயம் நிமிடங்களும் எடுத்துக்கொள்கிறது. அது சீறும், புகையும், தீப்பிடிக்கும், சில வேளை ‘டப்’பென்று வெடித்துத் தீப்பொறி சிதறும். படுக்கையைக் கொளுத்த அது போதும் என்பதால் அதை அற்பமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் லெபனானில் கண்ட சேதத்தை வெறும் பேட்டரி செய்யாது.

ஒரு ஊடுருவாளர் மென்பொருள் வழியாக அந்தத் தீயையாவது மூட்ட முடியுமா? கைபேசி பேட்டரியின் விளிம்பில், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் செல்லோடு சேர்த்து ஒட்டிய விரல்நகம் அளவுள்ள ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கும். மின்னழுத்தம் எல்லை மீறினாலோ, மின்னோட்டம் அளவுக்கு மேல் பாய்ந்தாலோ அது இணைப்பைத் துண்டித்துவிடும். கைபேசியின் இயங்குதளத்திடம் அது அனுமதி கேட்பதில்லை. இயங்குதளம் சொல்வதைக் கேட்கும் காதும் அதற்கு இல்லை. 2011-இல் சார்லி மில்லர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஆப்பிள் மடிக்கணினிகளின் பேட்டரிக்குள் இருந்த சிறு கணினியை, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்ததைப் பயன்படுத்தித் திறந்தார். அவரால் பேட்டரிகளைப் பயனற்றவை ஆக்க முடிந்தது. எதையும் வெடிக்க வைத்துக் காட்டவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பதில் எழுதியவன் ஆகமாட்டேன். அது கைபேசியில் இல்லை, சார்ஜரில் இருக்கிறது. 2020-இல் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த சுவான்வு பாதுகாப்பு ஆய்வகம் வேகமாக மின்னேற்றும் சார்ஜர்களைச் சோதித்தது. இன்றைய சார்ஜர் வெறும் மின்மாற்றி அன்று; அதற்குள்ளும் ஒரு சிறு மென்பொருள் ஓடுகிறது. “உனக்கு 5 வோல்ட் போதுமா, 9 வேண்டுமா, 20 வேண்டுமா?” என்று அது கைபேசியுடன் பேசி முடிவெடுத்த பிறகே மின்சாரத்தை அனுப்புகிறது. அந்த மென்பொருளை யூஎஸ்பி துளை வழியாகவே மாற்றி எழுத முடிகிறது என்பதும், அப்படி மாற்றினால் 5 வோல்ட் மட்டுமே தாங்கும் கருவிக்கு 20 வோல்ட்டை அனுப்ப வைக்கலாம் என்பதும் அவர்கள் கண்டவை. சோதித்த 35 சார்ஜர்களில் 18 இந்தக் குறையோடு இருந்தன. அனுப்பப்பட்ட மின்சாரம் கருவியின் உள்ளுறுப்புகளைக் கருக்கியது.

இதில் தொலைவு எங்கே வருகிறது என்றால், சார்ஜரை மாற்றி எழுதுபவர் அதன் அருகில் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. தீய மென்பொருள் புகுந்த ஒரு கைபேசியையோ மடிக்கணினியையோ அந்தச் சார்ஜரில் செருகினால், அந்தக் கருவியே சார்ஜரை மாற்றி எழுதிவிடலாம்; அடுத்து அதில் செருகப்படும் அப்பாவிக் கருவி பலியாகும். ஆகவே ‘முடியவே முடியாது’ என்ற சொல்லுக்கு இந்த ஓரத்தில் ஒரு சிறு கிழிசல் உண்டு. இருந்தாலும் அளவோடு பாருங்கள். இது ஆய்வகத்தில் செய்து காட்டியது. கருகியவை உள்ளுறுப்புகளே தவிர மனிதர்கள் அல்லர். இன்றைய நல்ல கைபேசிகள் தங்கள் வாயிலிலேயே கூடுதல் மின்னழுத்தத்தைத் தடுத்துவிடுகின்றன. நீங்கள் செய்ய வேண்டியதும் எளிது: வழியில் யாரோ விட்டுச்சென்ற சார்ஜரில் செருகாதீர்கள், பழைய சாதாரணக் கருவிகளை வேகச் சார்ஜரில் போடாதீர்கள்.

அந்த உலோகத் தகட்டை இன்றே உரித்துப் போடுங்கள். வெடிப்பைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. கைபேசி தன் வெப்பத்தை முதுகு வழியாகவும் வெளியேற்றுகிறது. உலோகத் தகட்டை ஒட்டிய கைபேசியைக் கம்பியில்லாச் சார்ஜர் மேல் வைத்தால் அந்தத் தகடே சூடாகும். வெடிக்காத கைபேசிக்கு இல்லாத வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்கியதுதான் மிச்சம். ‘இந்த எண்ணை எடுக்காதீர்கள்’ என்ற தகவல் பேஜர்களுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சுற்றும் பழைய புரளி. ஒவ்வொரு போர்ச் செய்திக்குப் பின்பும் அது புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருகிறது, அதன் பின்னாலேயே தகடு விற்பவரும் வருகிறார்.

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருவோம். அது உளவு நிறுவனத்திடமிருந்து வராது. ‘அசல் மாதிரியே, பாதி விலைக்கு’ என்ற சொல்லோடு வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் ஒரு பவர் பேங்கைக் கொண்டுவந்து, இரண்டு முறை கைபேசியை ஏற்றுவதற்குள் தீர்ந்துவிடுகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மேலே 20,000 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. கையில் வாங்கியபோது நல்ல கனம். மூடியை நெம்பித் திறந்தால், செல்கள் நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டே செல்கள். மற்ற இடங்களில் நெகிழித் தாளில் சுற்றிய மணல். இருந்த இரண்டிலும் பழைய உறையை உரித்துப் புது உறை போட்டிருந்தார்கள். அதைக் கீறிப் பார்த்தபோது வேறொரு கருவியிலிருந்து பிய்த்தெடுத்த பற்றவைப்பு (வெல்டிங்) தழும்பு தெரிந்தது. பாதுகாப்புச் சுற்றில் வெப்பமுணரிக்கு இடம் விட்டிருந்தார்கள்; உணரி இல்லை. மணல் வைத்தவரைக்கூட மன்னித்துவிடலாம், மணல் எரியாது. அந்த உணரியை எடுத்தவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நுணுக்கம் தெரியாமலேயே பொய்யைப் பிடிக்க உங்களுக்கு ஒரு எண்ணைத் தருகிறேன். பவர் பேங்குகளிலும் கைவிளக்குகளிலும் இருக்கும் விரல் பருமனான உருளை செல்லுக்கு 18650 என்று பெயர். நல்ல தயாரிப்பாளர்கள் அதில் அடைப்பது 3,500 மில்லிஆம்பியர்-மணி அளவு. 4,000-ஐ நெருங்குவதே அரிது. மேலே 9,900 என்று அச்சிட்ட செல்லைக் கண்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய வேண்டாம், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

‘சான்றிதழ் முத்திரை இருக்கிறதே’ என்பீர்கள். அந்தச் சின்னங்களைப் பற்றிப் பேசினாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பலரும் பெரிதாக நினைக்கும், ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ சின்னம், இத்தகைய பெரும்பாலான பொருள்களில், தயாரிப்பாளர் தாமே அறிவித்து ஒட்டிக்கொள்வது. வெளியார் யாரும் சோதித்திருக்க வேண்டும் என்பதில்லை. லித்தியம் பேட்டரிகளை ஏற்றிச் செல்ல ஐ.நா. வகுத்த 38.3 என்ற சோதனைத் தொகுப்பு உண்மையிலேயே கடுமையானது: குறைந்த காற்றழுத்தம், வெப்ப மாற்றம், அதிர்வு, மோதல், குறுக்குச்சுற்று என்று வரிசையாக வதைத்துப் பார்ப்பார்கள். ஆனால் சோதனைக்குப் போன செல் ஒன்றாகவும் பெட்டியில் வந்த செல் வேறாகவும் இருந்தால் அந்த அறிக்கையை வைத்து என்ன செய்வது? நடுவில் இருக்கும் தரகர் ஒரே அறிக்கையைப் பத்துச் சரக்குக்கும் நகலெடுத்து இணைக்கிறார்; மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி தாள் இருக்கிறதா என்று பார்க்கிறார், பெட்டியைத் திறப்பதில்லை. கண்காணிப்பு என்று நாம் அழைப்பது பல இடங்களில் தாளை எண்ணும் வேலையாகவே நடக்கிறது.

பெரிய நிறுவனமாக இருந்தால் தவறே நடக்காது என்றும் நான் சொல்லவில்லை. 2016-இல் சாம்சங்கின் நோட் 7 கைபேசிகள் தீப்பிடித்தன. ஒரு வழங்குநரின் பேட்டரியில் மூலையில் மின்முனை வளைந்திருந்தது, அவற்றைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்த இன்னொரு வழங்குநரின் பேட்டரியில் பற்றவைப்புப் பிசிறு இருந்தது. வேறுபாடு இதுதான்: அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள், விற்பனையை நிறுத்தினார்கள், காரணத்தை வெளியிட்டார்கள். மணல் வைத்தவரை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்?

இனி உங்கள் இழுப்பறை. உப்பிய கைபேசியின் பேட்டரியை மாற்றி மகனுக்குக் கொடுக்கலாமா என்றால், தயாரித்த நிறுவனமே அந்த மாதிரிக்கு இன்னும் அசல் பேட்டரி தருகிறது என்றால் மட்டும் அவர்களிடமே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கைபேசியை மறந்துவிடுங்கள். உப்பல் என்பது உள்ளே திரவம் சிதைந்து எரியக்கூடிய வாயுவாக மாறிப் பையை ஊதியிருக்கிறது என்பதன் அடையாளம். இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைக்கும் சவ்வு தலைமுடியைவிட மெல்லியது. ஒட்டிய பேட்டரியை உலோகக் கரண்டியால் நெம்பி எடுக்கும்போது அந்தச் சவ்வு கிழிந்தால், உங்கள் கண்முன்னே தீப்பிடிக்கும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, மூடியையும் அடைத்து விற்கும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி 2027 பிப்ரவரியிலிருந்துதான் பயனரே பேட்டரியைக் கழற்றும்படி கருவிகளைச் செய்யச் சொல்கிறது. இதற்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

அந்தக் கைபேசியை ஒப்படைக்கும்வரை செய்யக்கூடாதவை: ‘உயிர் இருக்கிறதா’ என்று பார்க்கச் சார்ஜரில் செருகுவது, உப்பலை அமுக்குவது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது, குப்பையில் போடுவது, கூரியரில் அனுப்புவது. சேதமான லித்தியம் பேட்டரிக்கு விமானத்தில் இடமில்லை. பெட்டிக்குள் அது இருப்பதைச் சொல்லாமல் அனுப்பினால் ஆபத்து மற்றவர் தலையில் விழும். துணியும் காகிதமும் உள்ள இழுப்பறையிலிருந்து எடுத்து, எரியாத தரையில், மணல் பரப்பிய பாத்திரம் ஒன்றில், வாயு வெளியேறும்படி மூடியைத் தளர்வாக வைத்து, படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். மணலுக்கு உரிய வேலை இதுதான். பிறகு நிறுவனத்தின் சேவை மையத்திலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ நேரில் ஒப்படையுங்கள். ‘பழையதை வாங்கிக்கொள்ள எங்களுக்கு உத்தரவில்லை’ என்று முதல் மேசையில் சொல்வார்கள். மேலாளரைக் கேளுங்கள், பேட்டரி உப்பியிருக்கிறது என்று எழுதிக் காட்டுங்கள்.

எப்போதாவது அது சீறவோ புகையவோ தொடங்கினால் கையில் எடுக்காதீர்கள். அந்தப் புகையில் நச்சு வாயுக்கள் இருக்கும். எல்லோரையும் அறையிலிருந்து வெளியேற்றுங்கள். மின்னிணைப்பில் இல்லாத, கைபேசி அளவுள்ள பேட்டரி என்றால், எட்டியிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றலாம். தண்ணீர் அதைக் குளிர்விக்கும். தீ அணைந்த பிறகும் ஒரு மணி நேரமாவது அதன் அருகில் போக வேண்டாம், மீண்டும் பற்றிக்கொள்வது உண்டு.