காதால் வாசிப்பவருக்குத் தியரி எதற்கு?

வணக்கம். கேட்ட பாட்டைக் கிட்டாரில் அப்படியே பிடித்துவிடுகிறீர்கள், ஆனால் பாடுபவர் "ஜி மேஜர் உயரமாக இருக்கிறது, ஈ-க்கு இறக்குங்கள்" என்றதும் கை நின்றுவிடுகிறது. இதற்குப் போய் இசைத் தியரி படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை.

நீங்கள் எழுதிய கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசை ஜி, ஈ மைனர், சி, டி. ஜி மேஜர் ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களை விரல்விட்டு எண்ணுங்கள்: ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப். அப்படியானால் உங்கள் கார்டுகளின் இடங்கள் 1, 6, 4, 5. ஈ மேஜரில் அதே இடங்களில் ஈ, சி ஷார்ப் மைனர், ஏ, பி. அவ்வளவுதான். எந்த மேஜர் ஸ்கேலிலும் 1, 4, 5 மேஜர். 2, 3, 6 மைனர். விரல் வலித்தால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி டி, பி மைனர், ஜி, ஏ வாசியுங்கள். ஒலிப்பது ஈ மேஜர்தான், ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பார் கார்டும் ஒன்று குறையும்.

தியரி படித்தால் உணர்வு போய்விடும் என்று யாரோ சொன்னார்களாமே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டி-யிலிருந்து ஜி-க்குத் திரும்பும்போது வரும் நிம்மதியை உங்கள் காது எப்போதோ கண்டுகொண்டது. டி கார்டுக்குள் இருக்கும் எஃப் ஷார்ப், அரை ஸ்வரம் ஏறி ஜி-யில் போய் உட்காரத் துடிப்பதுதான் காரணம். இது தெரிந்தால் அந்த நிம்மதியை வேண்டுமென்றே தள்ளிப்போடவும் முடியும்.

ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் ஸ்வரம் எழுதும் முறை) எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இப்போதைக்குத் தெரிந்த பாட்டுகளின் கார்டுகளை எண்களாக எழுதிவைத்து, வேறு ஸ்கேல்களில் வாசித்துப் பழகுங்கள்.