ஆமைத் தொட்டி நாறினால் குழந்தைக்கு ஆபத்தா?

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மகன் ஆசைப்பட்டான் என்று சிவப்புக் காது ஆமை ஒன்று வளர்க்கிறோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்றி, ஃபில்டரையும் தேய்த்துக் கழுவுகிறேன். அப்படியும் கூடமெல்லாம் நாற்றம். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்கிறார் மாமியார். இரண்டு வயது மகளுக்கு இதனால் நோய் வருமா? தொட்டியில் டெட்டால் ஊற்றலாமா?

மருத்துவர் பதில்: பழமொழியை விடுங்கள், மாமியாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டியது நாற்றத்துக்கு அல்ல, சால்மொனெல்லா கிருமிக்கு. ஆமையின் குடலில் அது சாதாரணமாகவே இருக்கும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது. எச்சத்தோடு வெளியேறி ஓட்டிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பளிச்சென்று இருந்தாலும் கிருமி இருக்கலாம். குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோய்வாய்ப்பட்டதால்தான், 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை விதித்தது.

சரி, நாற்றத்துக்கு வருவோம். மிச்ச உணவும் ஆமையின் கழிவும் அம்மோனியாவாகின்றன. அதைச் சிதைக்கும் நல்ல கிருமிகள் ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. நீங்கள் பஞ்சைக் குழாயடியில் தேய்க்கும்போது அவையும் போய்விடுகின்றன. நம் குழாய்நீரில் கிருமி நீக்கக் கலக்கப்படும் குளோரமின் (ஒரு குளோரின் சேர்மம்) அவற்றைக் கொன்றுவிடும். வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தாலும் அது போகாது. வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே தண்ணீரை ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். மீன் தொட்டி ஃபில்டர் ஆமைக்குக் காணாது. உங்கள் தொட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிய தொட்டிக்கானதை வாங்குங்கள். உணவு ஆமையின் தலை அளவுக்கு மேல் வேண்டாம். அழுகிய முட்டை வாடை அடித்தால் கூழாங்கற்களுக்கு அடியில் கழிவு தேங்கியிருக்கிறது. கற்களை எடுத்துவிடுவதே மேல்.

டெட்டால் வேண்டவே வேண்டாம், ஆமை குடிப்பதும் அதே தண்ணீரைத்தான். தொட்டியைக் காலி செய்து அலசிய பிறகு நீர்த்த பிளீச்சால் கழுவி, நன்றாக அலசிவிடலாம். அழுக்குத் தண்ணீரிலேயே பிளீச்சை ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுப்புகை வரும். ஜன்னல் மூடிய குளியலறையில் இருமியே ஓய்ந்துவிடுவீர்கள்.

சிலர் தண்ணீரை வெளியேற்ற ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். கிருமியை நேராக விழுங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கைப்பம்பு வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவாதீர்கள். ஆமைக்கென்று தனி வாளி இருக்கட்டும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மகனும்தான்.

வெளிப்படையாகச் சொன்னால், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம் என்பதே என் கருத்து. கொடுத்துவிடுவதானால் வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீர்த்தேக்கத்தில் விடுவது குற்றம்.

மகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியைக் கலக்கிக் கொடுங்கள்; பேதியை நிறுத்தும் மாத்திரை கூடாது. மலத்தில் ரத்தம், சோர்வு, சிறுநீர் குறைவு என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் ஆமை இருப்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்கு என்று வருபவரிடம் ஆமை வளர்க்கிறீர்களா என்று எந்த மருத்துவரும் சட்டென்று கேட்டுவிட மாட்டார்.