முதல் மாதிரி செய்யும் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளஸ் டூ கணிதப் பிரிவில் படிக்கிறேன். மிக்ஸி, ஃபேன் மாதிரி பொருள்களுக்கு முதன்முதலாக மாடல் செய்து பார்க்கிறார்களே, அந்த வேலைக்குப் போக ஆசை. பி.இ. மெக்கானிக்கலா, டிசைன் படிப்பா? – மாணவி, விருதுநகர்

பதில்: நீங்கள் எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொருளின் உருவம் எப்படி இருக்க வேண்டும், கைப்பிடி கையில் எப்படி உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு வேலை. அதற்கு நான்கு ஆண்டு பி.டெஸ். என்ற டிசைன் பட்டப் படிப்பு. 1961-ல் தொடங்கிய அகமதாபாத் என்.ஐ.டி.க்கு (NID, தேசிய டிசைன் கல்வி நிறுவனம்) தனி நுழைவுத் தேர்வு உண்டு. மும்பை ஐ.ஐ.டி. போன்றவற்றில் சேர யூசீட் (UCEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். கம்ப்யூட்டரில் எழுதும் பகுதியோடு, தாளில் கையால் வரையும் பகுதியும் உண்டு. கணக்கை நம்பி வருகிறவர்கள் வழுக்குவது அங்கேதான். இன்றிலிருந்தே வீட்டில் உள்ள டார்ச் லைட், குக்கர் மூடி, குடம் என்று நாளுக்கு ஒன்றாகப் பார்த்து வரையுங்கள். பி.இ. முடித்துவிட்டு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற டிசைன் மேற்படிப்புக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது.

அந்த உருவத்தைக் கையால் செய்து முடிப்பது இன்னொரு வேலை. மாதிரி செய்யும் மாடல் ஷாப்பிலும், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமிலும் இதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள். இதற்குப் பத்தாம் வகுப்பே போதும். சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜி மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. கேரளத்தில் தலச்சேரி பக்கம் நெட்டூரில் 1959-ல் தொடங்கிய என்.டி.டி.எஃப். (NTTF) பயிற்சி நிறுவனம், டூல் அண்ட் டை மேக்கிங் பயிற்சிக்குப் பெயர் போனது. ஐ.டி.ஐ.யில் டூல் அண்ட் டை மேக்கர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் எல்லாமே இரண்டாண்டு. பி.இ. மட்டும் படித்துவிட்டு அரம் பிடிக்கத் தெரியாமல் வருகிறவரை மாடல் டேபிளில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

கேள்வி: மகன் டிப்ளமோ முதலாண்டு. 3டி பிரிண்டர் வாங்கித் தந்தால் தானே எல்லாம் கற்றுக்கொள்வேன் என்கிறான். வாங்கலாமா? – தந்தை, தஞ்சாவூர்

பதில்: ஆறு மாதம் பொறுத்து வாங்குங்கள். முதலில் 0.02 மி.மீ. வரை காட்டும் 150 மி.மீ. வெர்னியர், ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், கட்டர், தட்டை அரம், அரைவட்ட அரம், 120 முதல் 800 வரை எமரி ஷீட் இவற்றை வாங்கித் தாருங்கள். அடர்த்தியான ஃபோம் கட்டையில் ஸ்க்ரூ டிரைவர் பிடி ஒன்றைச் செதுக்கட்டும். அதே பிடியை இன்னொரு முறை செய்து, இரண்டும் அரை மில்லிக்குள் ஒத்து வருகிறதா என்று அளக்கட்டும். அந்த ஃபோமுக்கு நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட வேண்டாம். தெர்மாகோல் வகை ஃபோம் தின்னரில் கரைந்து குழிந்துவிடும். முதலில் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்டை இரண்டு கோட் பூசி மூடியாக வேண்டும்.

பிரிண்டர் வந்த பிறகு பொம்மை அடித்துக்கொண்டிருக்காமல் இந்தப் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள். 10 மி.மீ. விட்டத்தில் ஒரு முளை. ஒரு தட்டையான துண்டில் 10.0, 10.1, 10.2 என்று 10.5 வரை ஆறு ஓட்டைகள். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில், 0.2 மி.மீ. அடுக்கில் அடித்து எடுத்ததும், 10.0 ஓட்டையில் முளை நுழையவே நுழையாது. உருகிய இழை வளைவில் உள்பக்கமாக இழுத்துக்கொள்வதால் ஓட்டை வரைந்ததைவிடச் சிறுக்கும். முதல் அடுக்கு படுக்கையில் அழுந்திப் பிதுங்குவதால் அடி விளிம்பில் இன்னும் இறுக்கம். பெரும்பாலான மெஷின்களில் 10.2-க்கும் 10.4-க்கும் இடையில் எங்கோ முளை வழுக்கிக்கொண்டு போகும். அந்த எண்ணை மெஷினின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். இழை மாறினால் எண்ணும் மாறும், ஏ.பி.எஸ். என்ற இன்னொரு பிளாஸ்டிக் பி.எல்.ஏ.வைவிடக் கூடுதலாகச் சுருங்கும், மூலையும் தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஃபவுண்டரிக்குப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) செய்யும் பட்டறையில் ஆறு வருடமாக இருக்கிறேன். இந்த அனுபவத்தை வைத்து மாடல் மேக்கிங் பக்கம் வர முடியுமா? – வாசகர், கோவை

பதில்: தாராளமாக. தேக்கில் பேட்டர்ன் செய்யத் தெரிந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே கைவசம். சரிவு கொடுப்பது, மூலைக்கு ரேடியஸ் வைப்பது, எந்த இடத்தில் அச்சைப் பிரிப்பது என்று யோசிப்பது எல்லாம் பிளாஸ்டிக் மோல்டிலும் அதேதான். ஒரு பழக்கத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வார்ப்பிரும்பு மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ., அலுமினியம் 13 மி.மீ. சுருங்கும் என்று பெரிதாக்கிச் செய்து கை பழகியிருக்கும். பார்வைக்கு வைக்கும் மாடல் சொன்ன அளவில்தான் இருக்க வேண்டும். சுருக்கத்துக்காகக் கோடுகள் பெரிதாக்கப்பட்ட சுருக்க ஸ்கேலைப் பழக்கத்தில் எடுத்துவிட்டால் 300 மி.மீ. பீஸ் 303 ஆகி நிற்கும், மூடி உட்காராது. புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டு: கேட் (CAD, கம்ப்யூட்டரில் வரைவது), பெயின்ட் ஃபினிஷிங். கேட் பழக ஃப்யூஷன் மென்பொருளின் சொந்தப் பயன்பாட்டுக்கான இலவசப் பதிப்பே போதும்.

கேள்வி: ரெசின் பிரிண்ட் பீஸை வைத்துச் சிலிக்கோன் அச்சு ஊற்றினேன். மற்ற இடமெல்லாம் இறுகிவிட்டது, பீஸைத் தொட்ட பகுதி மட்டும் பிசுபிசுவென்று இருக்கிறது. – பயிற்சி மாணவர், ஓசூர்

பதில்: நீங்கள் வாங்கியது பிளாட்டினம் வகைச் சிலிக்கோனாக இருக்கும். முழுதாக இறுகாத ரெசின், கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை இவை பட்டால் அது இறுகாது. அந்த அச்சைக் காப்பாற்ற முடியாது. அடுத்த பீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு முறை, இரண்டாம் முறை புதிய ஆல்கஹாலில், கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு யு.வி. விளக்கில் எல்லாப் பக்கமும் திருப்பி இறுக்கி, அக்ரிலிக் கிளியர் கோட் இரண்டு முறை அடியுங்கள். அச்சு முழுவதையும் ஊற்றுவதற்கு முன் 20 கிராம் மட்டும் கலந்து பீஸின் அடியில் தடவி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். டின் வகைச் சிலிக்கோனுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது கூடுதலாகச் சுருங்கும், அச்சும் சீக்கிரம் கிழியும். அச்சுக்குள் ஊற்றும் பாலியூரித்தேன் ரெசின் டப்பாவை ஐப்பசி மழையில் திறந்து வைக்காதீர்கள். ஈரம் இழுத்தால் பீஸ் முழுக்க நுரை.

கேள்வி: இன்டர்வியூவுக்கு என்ன கொண்டுபோவது? – வாசகி, ராணிப்பேட்டை

பதில்: போட்டோ ஆல்பம் இரண்டாம்பட்சம். மூன்று பீஸ் போதும். அதில் ஒன்று பெயின்ட் அடிக்காததாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் வரைபட அளவு, வந்த அளவு, வித்தியாசம் என மூன்று பத்தி போட்டு வையுங்கள். வித்தியாசம் ஏன் வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள்.