ஷேக் என்றால் மன்னர்தானா? என் பெயரிலும் அது இருக்கிறது

கேள்வி: "எங்கள் அலுவலகத்தில் ஷேக் தாவூத் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஷேக் என்பது அரபு மன்னர்களின் பட்டம்தானே? தமிழ்நாட்டு முஸ்லிம்கள் அதை எப்படிப் பெயரில் வைத்துக்கொள்கிறார்கள்?"

நீங்கள் கேட்டதில் தப்பில்லை. டிவியில் வெள்ளை அங்கி, தலையில் கறுப்பு வளையம், பக்கத்தில் பெரிய கார், கீழே 'துபாய் ஷேக்' என்று காட்டினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த "எப்படி" என்ற சொல் எனக்குக் கொஞ்சம் வலித்தது. என் பெயர் ஷேக் அப்துல் காதர். இதே கேள்வியை 1994-ல் சவூதியின் ஜித்தாவில் ஒரு கவுன்ட்டர் முன்னால் நின்று வாங்கியவன் நான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆலிம், அதாவது மார்க்கம் படித்த அறிஞர், இல்லை. சின்ன வயதில் மதரசாவில் ஓதியதும், கட்டுமானப் பொருள் கிடங்கு ஒன்றில் 22 வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து காதில் வாங்கிய அரபியும்தான் என் படிப்பு. இலக்கணப்படி இது தப்பு என்று யாராவது வந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லாதீர்கள்.

அன்றைக்கு எனக்கு 27 வயது. இக்காமாவுக்காக, அதாவது அங்கே தங்குவதற்கான அட்டைக்காக, வரிசையில் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பையனுக்கு என்னைவிட வயது குறைவு. பாஸ்போர்ட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஷேக்? மீன் ஷேக்? இன்த?" என்றான். ஷேக்கா, யார் ஷேக், நீயா என்று அர்த்தம். பக்கத்து மேசைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது அரபி தெரியாது, ஆனால் சிரிப்பு புரியாமல் இருக்குமா? அட்டை வந்தபோது அதில் வெறும் அப்துல் காதர். ஷேக்கைக் காணோம். பட்டம்தானே என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது.

இதன் பலன் இரண்டு வருஷம் கழித்து வந்தது. தங்கச்சி நிக்காஹ்வுக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். அதைச் சரிசெய்ய 11 நாள் ஆனது. நிக்காஹ் முடிந்து நாலாவது நாள் வீட்டு வாசலில் போய் நின்றேன். பந்தல் கழற்றிய குழிகளை இன்னும் மூடவில்லை. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மாதான், "பேரு வச்சது தப்பாயிடுச்சோ" என்றார்.

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் பரவாயில்லை. பாஸ்போர்ட் என் கையில் இருந்திருந்தால் இந்தக் குளறுபடியை எப்போதோ பார்த்திருப்பேன். கம்பெனி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டது. கேட்டால், "உனக்கு எதற்கு, இங்கே பத்திரமாக இருக்கும்" என்பார்கள். என் பெயர் போட்ட புத்தகம் எனக்கு எதற்கு என்று கேட்டவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது அங்கே சட்டமே அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. வளைகுடாவுக்குப் போகும் தம்பிகள், ஒரு நகலையாவது எடுத்து ஊரில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சரி, ஷேக்குக்கு வருகிறேன். எங்கள் கிடங்கில் ஒரு சூடானி பெரியவர் இருந்தார். சிமென்ட் மூட்டைக் கணக்கு அவர் பொறுப்பு. லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு அவர்தான் முன்னால் நிற்பார். மேனேஜர் உட்பட எல்லோரும் அவரை 'ஷேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்திலிருந்து ஓதினார்: "இன்ன லஹு அபன் ஷைகன் கபீரா." யூசுஃப் நபியின் சகோதரர்கள் தம்பிக்காகக் கெஞ்சும் இடம் அது. 'இவனுக்கு மிகவும் வயதான தகப்பனார் இருக்கிறார்' என்கிறார்கள். அந்தத் தகப்பனார்தான் ஷைக். அந்தச் சொல் குர்ஆனில் நாலு இடத்தில் வருகிறது என்று விரல் விட்டு எண்ணினார். இப்ராஹீம் நபியின் மனைவி தன் கணவரைக் கிழவர் என்று சொல்லும் இடம், மத்யன் கிணற்றடியில் இரண்டு பெண்கள் தங்கள் தகப்பனாரைப் பற்றிச் சொல்லும் இடம், மனிதன் குழந்தையாகி வாலிபனாகி முதியவனாவதைச் சொல்லும் இடம். நாலிலும் முதுமைதான். மன்னரும் இல்லை, பணக்காரரும் இல்லை.

அதாவது, நம் 'பெரியவர்' மாதிரி. பஸ்ஸில் "பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க" என்கிறோம். ஊர்ப் பெரியவர் என்கிறோம். மடத்துச் சாமியாரையும் பெரியவர் என்கிறோம். வயதில் ஆரம்பித்து மதிப்புக்குப் போன சொல். ஷேக்கும் அப்படித்தான் கிளை விட்டது. குலத்தலைவர் ஷேக், மார்க்க அறிஞர் ஷேக், சூஃபி வழியில் முரீதுக்கு, அதாவது சீடனுக்கு, குரு ஷேக். ஹதீஸ், அதாவது நபிமொழி, படிப்பவர்கள் 'இரண்டு ஷேக்குகள்' என்றால் அவற்றைத் தொகுத்த இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும். மருத்துவ மேதை இப்னு சீனாவுக்கும் அந்தப் பட்டம் உண்டு.

இடத்துக்கு இடமும் மாறும். துபாயில் இருந்து வந்தவரிடம் கேட்டால் ஆளும் குடும்பம் என்பார், அது சரி. அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன் நாலிலும் ஆளும் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கே ஷேக், பெண்ணானால் ஷைகா. சவூதியில் இருந்தவரிடம் கேட்டால் வேறு பதில் வரும். அங்கே அரச குடும்பத்து ஆண்கள் அமீர்கள், அதாவது இளவரசர்கள். மக்காவின் ஹரம் பள்ளிவாசலில் தொழ வைக்கும் இமாம் போன்றவர்கள்தான் ஷேக். லெபனானில் கிறிஸ்தவர்களிலேயே ஷேக்குகள் உண்டு. 1982-ல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவி ஏற்கும் முன்பே கொல்லப்பட்ட பஷீர் ஜுமய்யில் மரோனைட் கிறிஸ்தவர், அவரை ஷேக் பஷீர் என்பார்கள். அமெரிக்க செனட்டை அரபிச் செய்தியில் 'மஜ்லிஸ் அல் ஷுயூக்' என்கிறார்கள், ஷேக்குகளின் சபை. இது முஸ்லிம் பட்டம் மட்டும்தான் என்று அடித்துப் பேசுபவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் கணக்குப்பிள்ளை எகிப்துக்காரர். கெய்ரோ மியூசியத்தில் இருக்கும் மரச் சிலை ஒன்றைப் பற்றி அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கா அப்பர் என்ற பூசாரியின் சிலை, 4,000 வருஷத்துக்கும் மேல் பழையது. தொந்தியும் உருண்டை முகமுமாக நிற்கும். 1860-ல் சக்காராவில் மண்ணுக்குள்ளிருந்து அது வெளியே வந்தபோது, தோண்டிய கூலியாட்களுக்குத் தங்கள் ஊர்த் தலைவரையே பார்த்த மாதிரி இருந்ததாம். 'ஷேக் அல் பலத்' என்றார்கள். ஊர்ப் பெரியவர். இன்றைக்கும் அந்தச் சிலைக்கு அதுதான் பெயர்.

இதெல்லாம் போக, தெருவில் அது ஒரு சாதாரணச் சொல். லாரி டிரைவர் எரிச்சலில் "யா ஷேக், கலாஸ்!" என்பான், போதும்ப்பா என்கிற மாதிரி. விலையைக் கேட்டு "லா யா ஷேக்!" என்பான், அட நிஜமாவா என்கிற மாதிரி. ஒரு நாளைக்கு நூறு தரம் காதில் விழும்.

இனி, நம் ஊரில் எப்படி. வடக்கே அது ஒரு சமூகப் பிரிவின் பெயர், குடும்பப் பெயரும்கூட. எங்கள் ராமநாதபுரம் பக்கம் அப்படி இல்லை. பக்தாதில் அடங்கியிருக்கும் இறைநேசர் ஷேக் அப்துல் காதிர் ஜீலானியை இங்கே முகைதீன் ஆண்டவர் என்பார்கள். அவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும்போது முன்னால் உள்ள மரியாதையை வெட்டாமல் முழுசாக வைத்தார்கள். எனக்கு வைத்ததும் அந்தப் பெயர்தான். அந்த ஷேக் என்னுடைய பட்டம் இல்லை, அவருடையது. இறைநேசர் பெயரை இப்படி வைக்கலாமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை, அதற்கு வேறு இடம் இருக்கிறது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்கிறோமே, கீழக்கரை வள்ளல், அவர் பெயரும் ஷேக் அப்துல் காதிர்தான். தமிழ் நாக்கில் செய்கு அப்துல் காதிர் சுருங்கிச் சீதக்காதி ஆனது. 17-ஆம் நூற்றாண்டு. எங்கள் அப்பாவின் வாப்பா பெயர் நிலப் பத்திரத்தில் 'சேகப்துல் காதர்' என்று ஒரே சொல்லாக இருக்கிறது. பனை ஓலை நிறத்துக்கு மாறிய அந்தத் தாளை நான் வைத்திருக்கிறேன்.

2016-ல் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினேன். ஜித்தா ஏர்போர்ட்டில் கவுன்ட்டரில் மறுபடியும் ஒரு சின்னப் பையன். முத்திரை குத்தி, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டி, "தஃபத்தல் யா ஷேக்" என்றான், வாங்கிக்கொள்ளுங்கள் பெரியவரே என்கிற மாதிரி. அவன் பெயரைப் பார்க்கவில்லை, என் நரைத்த தாடியைப் பார்த்துச் சொன்னான். சூடானி பெரியவர் ஓதிக் காட்டிய அர்த்தத்தில்.

உங்கள் ஷேக் தாவூத்திடம் எந்த அரச குடும்பம் என்று கேட்காதீர்கள். யார் நினைவாக வைத்த பெயர் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். அப்புறம், அவருக்கு அடையாள அட்டையோ பி.எஃப். கணக்கோ போடும்போது ஷேக் என்பது பட்டம்தானே என்று யாரும் விட்டுவிடாமல், ஆதாரில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்கள்.