கவிதைய வாசிக்கிறத விட ஆராவது சொல்லிக் கேக்கக்குள்ள ஏன் கண் கலங்குது?

கண்ணால வாசிச்சா வேகம் நம்மட கையில, கேக்கக்குள்ள அது சொல்றவர்ட மூச்சில, எங்க நிப்பாட்டுவார் எங்க குரல் உடையும் எண்டு காத்துக்கொண்டே இருப்பம், அந்தக் காத்திருப்புதான் ஆளை உலுக்குது. 2017ல வந்த ஜெர்மனி மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வுலயும் கவிதை கேட்டவங்களுக்குப் புல்லரிச்சது கூடுதலா வரி முடியிற, பத்தி முடியிற இடங்கள்லதான்.

நம்மட ஒப்பாரியும் அப்பிடித்தானே! இங்க திருகோணமலையில ஒரு செத்தவீட்டில எங்கட அம்மம்மா “என்ர ராசா” எண்டு இழுத்து நிப்பாட்டினா, வாசல்ல கதைச்சுக்கொண்டு நிண்ட ஆம்பிளையளும் அழுதிட்டாங்க. எழுதினா அது ரெண்டே சொல்லு. கோணேசர் கோயில்ல சம்பந்தர்ட பதிகத்த ஆராவது குரலெடுத்துப் பாடக்குள்ளயும் எனக்கு இதே நடுக்கம்தான், கீழ கடலும் அடிச்சுக்கொண்டிருக்கும். வீடியோல பாக்காம நேர போய்க் கேட்டுப் பாருங்க.