குடலில் புண் இருக்கிறது. டிபியா, கிரோன்ஸா? ஏன் உடனே சொல்ல முடிவதில்லை?

ஒரு டாக்டர் டிபி என்கிறார், இன்னொருவர் கிரோன்ஸ் (குடல் நாள்பட அழன்று புண்ணாகும் நோய், டிபி போலத் தொற்று இல்லை) என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் தம்பிக்கும் இதே இழுபறி நடந்தது. நான் டாக்டர் இல்லை, கூடவே அலைந்தவன்.

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் இரண்டு நோயும் அதிகம் வரும். வயிற்றுவலி, எடை குறைவு, ரத்தசோகை இரண்டிலும் உண்டு. கிரோன் என்ற அமெரிக்க டாக்டர் 1932இல் எழுதுவதற்கு முன்பே, 1913இல் ஸ்காட்லாந்தில் டால்சியல் என்ற அறுவை டாக்டர் கிரோன்ஸைப் பற்றி எழுதினார். இதை டிபி என்று நினைத்துக் குழம்பியிருப்பார்கள் என்று அவரே சொல்கிறார். குழப்பம் அவ்வளவு பழசு.

சில சாடைகள் உண்டு. புண் குடலின் குறுக்கே வளையமாக ஓடினால் டிபி பக்கம் சாயலாம். நீளவாக்கில், நடுநடுவே நல்ல குடலை விட்டுவிட்டு இருந்தாலோ, ஆசனவாய் அருகே பவுத்திரம் இருந்தாலோ கிரோன்ஸ் பக்கம். சாயங்காலக் காய்ச்சல், வயிற்றில் நீர், சிடி ஸ்கேனில் நடுப்பகுதி அழுகிய நெறிக்கட்டிகள் என்றால் டிபிதான் முதல் சந்தேகம். பயாப்ஸியில் (புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) டிபி கிருமி கிடைத்தால் பேச்சே இல்லை. ஆனால் குடல் திசுவில் கிருமி குறைவு, அதனால் ஜீன்எக்ஸ்பர்ட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ் என்பதை வைத்து டிபி இல்லை என்று விட முடியாது. மாண்டூ (டிபிக்கான தோல் ஊசிச் சோதனை) பாசிட்டிவ் நம் ஊரில் எத்தனையோ பேருக்கு வரும், அதை மட்டும் வைத்து டிபி என்றும் சொல்ல முடியாது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் குடலில் டிபி இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் தெளியாவிட்டால் நம் நாட்டில் பெரும்பாலும் டிபி மருந்தைத்தான் முதலில் கொடுத்துப் பார்க்கிறார்கள். டிபி இருப்பவருக்குக் கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் அது பரவிவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான்.

தம்பிக்கு மருந்து தொடங்கியதும் பசி வந்தது, எடையும் ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டாவது மாதம் முடிந்ததும் டாக்டர் மறுபடி கொலனாஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்தார், புண் ஆறவே இல்லை. கிரோன்ஸ் உள்ளவர்களுக்கும் டிபி மருந்தில் கொஞ்ச நாள் தெம்பு வருவதுண்டாம். டிபி என்றால் புண்ணே ஆற வேண்டும். அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் மருந்தை நீட்டினால், கிரோன்ஸாக இருக்கும் பட்சத்தில் குடல் சுருங்கி அடைப்பு வரை போகலாம். அதனால் மருந்து தொடங்கும் நாளிலேயே அடுத்த கொலனாஸ்கோபி எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

புண் ஆறாததற்கு மருந்துக்கு அடங்காத டிபியும் காரணமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பெரிதும் உதவும். ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் மருந்து) போட்ட திசுவில் கல்ச்சர் செய்ய முடியாது. பயாப்ஸி எடுக்கும்போதே இரண்டு துண்டு சலைனில் (உப்பு நீரில்) தனியாகக் கல்ச்சருக்குப் போகுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.