சுயபரிசோதனையில் இரண்டு கோடுகள்: அடுத்து எங்கே செல்வது?

கேள்வி: எனக்கு 20 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு விடுதியில் தங்கியிருக்கிறேன். இணையத்தில் வாங்கிய எச்.ஐ.வி. சுயபரிசோதனைக் கருவியில் விரல்நுனி இரத்தத்தை விட்டுப் பார்த்தபோது இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று மிகவும் மங்கல். அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊத்தங்கரைப் பக்கம் இருக்கும் பெற்றோருக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் செய்தி போய்விடுமோ என்று அஞ்சிப் பேசாமல் இருக்கிறேன். என்ன செய்வது, டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மங்கலான கோட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து உங்களுக்குத் தொற்று இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. நம் நாட்டு நடைமுறைப்படி வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று பரிசோதனைகளைச் செய்த பிறகே தொற்று உறுதிசெய்யப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது. ஓசூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால் கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். கர்ப்பிணிகளும் காசநோயாளிகளும் பரிசோதனைக்காக இந்த மையங்களுக்கு வருவதால், அங்கே ஒருவர் காத்திருப்பதைப் பார்த்து யாரும் எதையும் ஊகித்துவிட முடியாது.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, உங்கள் ஒப்புதலின்றிப் பரிசோதிக்கவோ, 18 வயது நிறைந்த உங்கள் முடிவைப் பெற்றோரிடம் தெரிவிக்கவோ மருத்துவமனைக்கு உரிமையில்லை. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதையும் இச்சட்டம் தடைசெய்கிறது. வாழ்க்கைத் துணைக்குத் தெரிவிப்பதற்கு மட்டும் சில நிபந்தனைகளோடு தனி விதி உண்டு.

தொற்று உறுதியானால், எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்படும். எதிர்ப்பாற்றல் குறையும் வரை காத்திருக்க வேண்டிய பழைய முறை 2017-இலேயே கைவிடப்பட்டது. இப்போது பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரைதான். அதைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்று பரவாது. தொடர்ந்து இருமலோ காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காசநோய் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். நம்பிக்கை மையத்தில் முடிவு 'இல்லை' என்று வந்தாலும், தொற்றுக்கு வாய்ப்பான கடைசி நிகழ்வுக்கு மூன்று மாதங்கள் ஆகியிருக்காவிட்டால், அந்தக் காலம் முடிந்ததும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: 17 வயதான என் நண்பனும் நம்பிக்கை மையத்துக்குச் செல்லலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: செல்லலாம். ஆனால் 18 வயது நிறையாதவருக்குப் பரிசோதனை செய்யப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை. இந்த நிபந்தனையே சில பிள்ளைகளைக் கருவி வாங்கி ஒளித்துவைக்கும் நிலைக்குத் தள்ளுகிறது என்பது என் கருத்து. முதலில் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். மைய ஆலோசகரிடம் பேசினால், வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் அவர் உதவுவார். தொற்றுக்கு வாய்ப்பான நிகழ்வு நடந்து இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், இதற்கெல்லாம் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லுங்கள். தொற்றைத் தடுக்கும் 28 நாள் மருந்தை அந்த நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு.